நாற்பது மொட்டுகள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காலையிலிருந்து சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாத காகிதம் ஒன்று கொடுத்தீர்களென்றால் நானே நாலாக மடித்து அடியில் வைத்துக்கொள்வேன். போதும், இது போதும். ஆடுகிற இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு யோசனை ஓடாது. ஏற்கெனவே என் கால் சும்மா இருக்காது. என் மனைவி இருந்த காலத்தில், சாப்பாட்டு மேஜைக்கடியில் தையல் மிஷின் ஓடுகிறது என்பாள்.

வக்கீல் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதையும் உங்கள் எழுத்தர் ஏற்றிக்கொள்ளட்டும். பெயர் ஓவிதியோ ஸ்டாங். வயது அறுபத்தொன்று. கொன்கோர்தியா ஊரில் பழமர வைரஸ் ஆய்வகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை. பொய் சொல்லும் பழக்கம் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். போகப் போக இது தேவைப்படும்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். என்ன செய்தேன் என்பது புரியாமல் ஏன் என்பதைச் சொல்லி என்ன பயன்? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமையைப் பற்றி நான் பேசுவது வேடிக்கைதான்.

ஆரஞ்சு மரத்துக்கு ஒரு வைரஸ் வரும். எங்கள் மொழியில் அதற்குச் சோகம் என்றே பெயர். அசுவினிப் பூச்சி ஒரு மரத்தில் உறிஞ்சி அடுத்த மரத்தில் இறக்கிவிடும். மரம் மெதுவாக வாடும், காய் சிறுக்கும், பட்டையை உரித்தால் உள்கட்டை முழுக்கக் குழி குழியாக இருக்கும். இதில் முரட்டு வகையும் உண்டு, சாது வகையும் உண்டு. சாது வகை ஒரு மரத்தில் குடியேறிவிட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதைவிட முக்கியம், பின்னால் வருகிற முரட்டுச் சொந்தக்காரனை அது உள்ளே விடாது. கதவை அடைத்துவிடும். ஆகவே சாதுவை நாமே மரத்துக்குள் வைத்துவிட்டால் மரம் தப்பித்தது. நான் கண்டுபிடித்ததில்லை இது, உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

சிக்கல் என்னவென்றால் தோட்டத்து மரத்தில் வைரஸ் தனியாக இருக்காது. நாலைந்து வகை கலந்து கிடக்கும். எது சாது, எது முரடு என்று பிரிக்க முடியாது. அதனால் ஒன்றை மட்டும் எடுத்து, அதன் உடம்பை, அதாவது மரபணுத் தொடரை, எழுத்தெழுத்தாக நகலெடுத்து, துண்டுதுண்டாக பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கி, பிறகு துண்டுகளை ஒட்டி, முழு வைரஸாக ஒரு செடிக்குள் மறுபடி எழுப்ப வேண்டும். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். எனக்கு ஏழு வருடம் பிடித்தது. ஒரு துண்டு பாக்டீரியாவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அதை உள்ளே வைத்தால் பாக்டீரியா சோர்ந்து செத்துப்போகும். சாகாமல் பிழைத்ததைப் படித்துப் பார்த்தால், தன் வசதிக்கு எங்கோ ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு பிழைத்திருக்கும். அதனால் எங்கள் தொழிலில் ஒன்றைப் பெருக்கினால் மறுபடி படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும். இதை சுலேமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். முதல் நாளே சொன்னேன்.

சுலேமா ரூஷியே என் ஆய்வக உதவியாளர், பதினோரு வருடமாக. உங்களுக்குத் தெரியும், புகார் கொடுத்தவளே அவள்தானே. அவள் அப்பாதான் அன்செல்மோ, ஊர் மரியாதையில் தோன் அன்செல்மோ.

ஊருக்கு வெளியே ஆற்றைப் பார்த்த சரிவில் ஆயிரத்து நூறு ஆரஞ்சு மரம் வைத்திருந்தார் தோன் அன்செல்மோ. நாற்றுப் பண்ணைக்கும் உரிமம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவர் தாத்தா நட்ட மரம் ஒன்று. சுற்றியிருந்ததெல்லாம் இரண்டு தலைமுறை செத்து மாறியிருக்க, அது மட்டும் இலை வாடாமல் நின்றது. அதிலிருந்துதான் என் சாது வைரஸை எடுத்தேன். முழு நகல் முதன்முதலில் செடியில் உயிர்பெற்ற அன்று நேராக அவர் வீட்டுக்குப் போய், அதற்கு ரூஷியே என்று பெயர் வைக்கப்போகிறேன் என்றேன். கெட்டிலை அடுப்பிலேயே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என் பேர்ல ஒரு வைரஸா? டாக்டரே, எங்க வீட்டுக்காரிக்கு இது தெரிஞ்சா, நாப்பது வருஷமா நான் சொல்லிட்டிருக்கிறது இதத்தானேன்னு சொல்லுவா!”

அப்புறம் மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி, குழல் செருகிய முதல் குடுவையை எனக்கே கொடுத்தார். முதல் குடுவை கசக்கும், ஊற்றுகிறவர்தான் குடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டார். நான் குடித்துவிட்டேன். நல்ல கசப்பு.

கண்ணாடி வீட்டுத் தொட்டிச் செடிகளில் சோதனை பிரமாதமாக வந்தது. சாதுவை வைத்த செடியில் முரடு நுழையவில்லை. வைக்காத செடி குழி விழுந்து செத்தது. ஆனால் தொட்டியில் நடந்ததை எவன் நம்புவான்? தோட்டத்தில் காட்ட வேண்டும். தோன் அன்செல்மோ தானே முன்வந்து, நானூறு மரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ரூஷியே ஏறிய மொட்டுகளை நாங்கள் ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோவோம், அவர் ஒட்டுக்கட்டுவார். என்னைக் கத்தி எடுக்கவே விடமாட்டார். “என் மரத்துல இன்னொருத்தன் கத்தி படக்கூடாது. நீங்க படிச்சவரு, அந்தாண்ட உக்காந்து எண்ணுங்க.” நானூறு மரத்துக்கும் அவரே கட்டினார். ஒரு மொட்டுகூடக் காயவில்லை.

பிறகு காத்திருக்கத் தொடங்கினோம்.

இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. முரட்டு வகை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. இன்று வரும், நாளை வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வந்தால்தான் என் மரங்கள் தாங்குமா என்று தெரியும். ஒரு வருடம் போனது. இரண்டு போனது. வசந்தகாலம் வந்தால் தினமும் போய் இளந்தளிரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அசுவினி இருக்கும். நோய் இருக்காது. மூன்றாவது வருடம் எனக்கு உட்காரவே முடியவில்லை. ஆய்வகத்தில் நடப்பேன், வீட்டில் நடப்பேன், பேருந்து நிலையம்வரை போய் எந்தப் பேருந்திலும் ஏறாமல் திரும்பி வருவேன். குடையைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்காக ஐந்து வருடம் முற்றத்தில் நின்றிருக்கிறீர்களா? ஊர்க்காரர்கள் அதற்குள் கிண்டல் ஆரம்பித்துவிட்டார்கள். தோன் அன்செல்மோவே ஒருநாள் சீட்டாட்டத்தின் நடுவில் கேட்டார். “என்ன டாக்டரே, காவக்காரனைப் போட்டாச்சு, திருடனைக் காணோமே? சம்பளம் தண்டமா?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முரட்டு வகையைத் தோட்டத்தில் நாமே விட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். கமிட்டி மறுத்தது. அவர்கள் சொன்ன காரணம் சரியானது, அதில் எனக்கு இன்றைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அடுத்த மார்ச்சில் திட்டம் முடிகிறது. முடிந்தால் பன்னிரண்டு வருட வேலைக்கு நான் எழுதக்கூடியது ஒரே வாக்கியம்: ஒன்றும் நடக்கவில்லை.

முரட்டு நகல் அப்போது என்னிடம் இருந்தது. அக்கரை நண்பர் ஒருவர் ஆராய்ச்சிக்கென்று முறைப்படி கொடுத்த காய்ந்த இலையிலிருந்து எடுத்தது. வழி தெரிந்துவிட்டதால் ஒன்றரை வருடத்தில் முடித்துவிட்டேன். பூட்டிய அறையில், இரட்டை வலைக்குள், சிறு ஆரஞ்சுச் செடிகளில் வைத்திருந்தேன். சாவி என்னிடம் மட்டும். என் நகல் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி வைப்பேன். அதனால் வைரஸின் குணம் மாறாது. சலவைக்குப் போகிற துணியின் மூலையில் குறி போடுகிற மாதிரி, எங்கே கண்டாலும் இது என்னுடையது என்று சொல்லிவிடலாம், சுலேமாவிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். ஒழுங்கில்லாதவனாக இருந்திருந்தால் நான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஐந்தாவது வருடம் ஆகஸ்டில் சுலேமா வந்தாள். “டாக்டர், அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. அப்பா தோட்டத்துல இப்ப இருக்கிறது நாம வச்ச அதே ஆளுதானான்னு ஒருக்கா படிச்சுப் பாத்துடலாமா? நீங்கதானே சொல்வீங்க, பெருக்கினா படிக்கணும்னு.” சரிதான் என்றேன். இலை எடுத்தோம், நகலெடுத்தோம், தலைநகரத்துக்கு அனுப்பினோம். முடிவு என் மின்னஞ்சலுக்கு வரும் என்று எழுதிக் கொடுத்தோம்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, காலை ஒன்பது மணி. முரட்டுச் செடிகளிலிருந்து நாற்பது மொட்டு வருகிற அளவுக்குக் குச்சிகள் வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதையில் சுலேமா.

“அப்பா தோட்டத்துக்கா? அந்த ரிசல்ட் வந்துச்சா, டாக்டர்?”

“நம்மள நிறுத்துற மாதிரி ஒண்ணும் வரல” என்றேன்.

“அப்ப இத அப்பாகிட்ட குடுத்துடுங்க. பழப்பாகு வச்ச பேஸ்ட்ரி. சர்க்கரை வியாதிக்காரரு, ரெண்டுக்கு மேல கை வச்சா நல்லா அதட்டுங்க. நான் அதட்டினா கேக்க மாட்டாரு, நீங்கன்னா பயம்.”

அன்று காலை அந்த முடிவு வந்த மடல் என் கணினியில் தடித்த எழுத்தில், படிக்காததாகத்தான் இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்துப் பார்த்திருப்பார்கள். இப்போதும் அப்படித்தான் இருக்கும்.

நடுவில் ஒன்று. உங்கள் முற்றத்தில் அந்தக் கொடிமரத்துப் பக்கம் ஓர் ஆரஞ்சு மரம் இருக்கிறதே, அதன் தெற்குக் கிளையில் இலை சுருண்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், அது இலைத்துளைப்பான் புழுதான். காலையிலிருந்து கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே விட்டேன்?

தோட்டம். வழக்கம்போல நான் ஆரஞ்சுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன், அவர் கத்தியைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். பாதுகாப்பு இல்லாத ஓர வரிசையில், நாற்பது மரம் காட்டினேன். பட்டையில் ஒரு கீறல், குறுக்கே இன்னொன்று, நுனியால் நெம்பி மொட்டைச் செருகி, நாடா சுற்றி ஒரு முடிச்சு. கை பார்க்க அழகாக இருக்கும். மூன்றாவது மரத்தில் கேட்டார்.

“இது எந்த வகை, டாக்டரே? நம்ம ரூஷியேவா?”

“அதே குடும்பம்தான்” என்றேன்.

“அப்ப சொந்தக்காரப் பய. உள்ள வரட்டும், உள்ள வரட்டும்.”

நாற்பதையும் கட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. பேஸ்ட்ரியில் நாலு தின்றார். நான் அதட்டவில்லை. நல்ல மனநிலையில் இருந்தார், கெடுக்க விருப்பமில்லை.

நான் நினைத்திருந்தது இவ்வளவுதான். ஓர வரிசையில் நாற்பது மரம் போகும். அசுவினி அங்கிருந்து எடுத்து எல்லாப் பக்கமும் பரப்பும். பாதுகாப்பில்லாத எழுநூறு சாகும், என் நானூறு நிற்கும். விமானத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரியும்படி, பச்சையாக, சதுரமாக நிற்கும். எழுநூறு மரம் ஒரு மனிதருக்குப் பெரிய நஷ்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் ஒரு மரமும் சாகாது. இந்தக் கணக்கில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு வசந்தம் கழித்து எல்லாம் செத்தது. நானூறும் சேர்த்துத்தான். ரூஷியே மரத்துக்குள் நன்றாகவே இருந்தது, பெருகியது, சோதனையில் தெரிந்தது. ஆனால் கதவை அடைக்கிற அந்தப் பகுதியில், பாக்டீரியாவுக்குப் பிடிக்காத அதே துண்டில், ஓர் எழுத்து மாறிப்போயிருந்தது. கண்ணாடி வீட்டுச் சோதனைக்குப் பிறகு தோட்டத்துக்கென்று புதிதாகப் பெருக்கியபோது மாறியிருக்க வேண்டும். அந்த ஒரு முறை நான் மறுபடி படிக்கவில்லை. ஒட்டுக்கட்டும் பருவம் முடியப்போகிறது என்று அவசரம்.

அதிகாரிகள் வந்தார்கள். பட்டையை உரித்தார்கள். அக்கரை வகை, சந்தேகமே இல்லை. முதலில் எங்கே தோன்றியது என்று பார்த்தார்கள். ஓர வரிசையில் ஒட்டுக்கட்டிய தழும்போடு நாற்பது மரம். ஆற்றில் படகு விட்டு அக்கரையிலிருந்து திருட்டு மொட்டு கொண்டுவருகிற ஆட்கள் எங்கள் பக்கம் உண்டு, அதனால் கேள்வி அந்தத் திசையில் போனது. விசாரணை தோட்டத்து வீட்டுச் சமையலறையில்தான் நடந்தது. நிபுணர் என்ற முறையில் நானும் இருந்தேன். இந்த ஒட்டை யார் கட்டியது என்று அதிகாரி கேட்டார்.

தோன் அன்செல்மோ நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரு கட்டுவா? என் கையாலதான் கட்டினேன். என் மரத்துல வேற எவன் கையும் பட்டதில்ல.”

“மொட்டு எங்கேருந்து வந்தது?”

அவர் என்னைப் பார்த்தார். “டாக்டர் கொண்டாந்தது. அவரோட சோதனை. சொல்லுங்க, டாக்டரே.”

ரூஷியே மொட்டுகளை நான் கொடுத்தேன் என்றேன். எந்தெந்த மரத்துக்கு என்று பதிவேட்டைக் காட்டினேன். பதிவேட்டில் ஓர வரிசை இல்லை. இந்த முரட்டு வகை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அக்கரையிலிருந்து என்றேன். மேடம், ஒவ்வொன்றும் உண்மை. நீங்கள் அந்த அறிக்கையை எடுத்து வரிவரியாகப் பாருங்கள்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாக இல்லை. நான் ஏதோ கடைசி வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டேன், இப்போது நினைவுக்கு வந்துவிடும் என்று காத்திருக்கிற மாதிரி. எனக்கு மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டிருந்தது. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

தோட்டத்தை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். விதிப்படி அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பிடுங்கினார்கள். பெனாவிதே குடும்பத்துக்கு அறுநூறு மரம், ஆற்றோரத்து விதவை ஒருத்திக்கு இருந்ததெல்லாம். தாத்தா நட்ட அந்த மரமும் போனது. நாற்றுப் பண்ணை உரிமத்தைப் பறித்தார்கள். ஊரில் ஒருவரும் அவர் வாசலில் ஏறவில்லை. கடைத்தெருவில் அவர் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். “திருட்டுக்குச்சி” என்று பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது. சுலேமா மட்டும் என்னிடம் வந்து அழுதாள். “எங்கப்பா அப்படிப்பட்ட ஆளா, டாக்டர்? நீங்களே சொல்லுங்க. அக்கரைக்குப் போறதுன்னா கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டாரு, படகுன்னா தலை சுத்தும்.” அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் சொன்னேன். அதுவும் உண்மை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சோதனைக்கு மண் எடுக்க வேண்டியிருந்தது. கரி படிந்த தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கெட்டில். ஊரில் எவரும் அவரோடு ஒரே குழலில் வாய் வைப்பதில்லை என்று ஆகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. இலையைக் கொட்டிவிட்டு, புதிதாக நிரப்பி, முதல் கசப்பை முறைப்படி தானே குடித்து, இரண்டாவதை எனக்கு நீட்டினார்.

“டாக்டரே, நான் ஒண்ணு கேக்கணும். கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“எனக்கு வயசாகுது. மறதி. நான் அந்த நாப்பது மரத்துல கட்டினேனே... அது நெசமாவே நீங்க கொண்டாந்ததுதானே? இல்ல, நானா எங்கேருந்தாவது எடுத்துக் கட்டிட்டு மறந்துபோனேனா? ராப்பகலா யோசிக்கிறேன். ஊரே சொல்லுது. நான்தான் செஞ்சிருப்பேனோன்னு எனக்கே தோணுது.”

குடுவையைக் காலி பண்ணித் திருப்பிக் கொடுத்து, “நன்றி” என்றேன். எங்கள் பக்கம் நன்றி என்று சொல்லிக் கொடுத்தால் எனக்குப் போதும், இனி ஊற்ற வேண்டாம் என்று பொருள். இன்னொரு குடுவை குடித்திருக்கலாம். மழை வருகிற மாதிரி இருந்தது, மண் நனைந்துவிடும்.

மே ஏழாம் தேதி அவரைப் பாசனத் தொட்டியில் கண்டெடுத்தார்கள். தவறி விழுந்ததாக மருத்துவர் எழுதினார். தொட்டியில் இடுப்பளவு தண்ணீர்தான்.

அடக்கத்துக்கு நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள், அவர் உயிரோடு இருந்தபோது வராதவர்களும்கூட. வழியில் அவர்கள் தோப்புகளில் யாருமே இல்லை. பிடுங்காமல் எஞ்சியிருந்த மரங்களில் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மற்ற நாட்களில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். முப்பத்தாறு இலை எடுத்தேன். கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய் சுலேமாவைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னேன். ஆறுதல் மனப்பூர்வமானது. எனக்கு அவரைப் பிடிக்கும், மேடம். இங்கே யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

மறுவருடம் கட்டுரை வெளிவந்தது. அக்கரை வகை நம் பக்கம் பரவும் விதம் பற்றியது. கடைசிப் பத்தியில் காலஞ்சென்ற அன்செல்மோ ரூஷியே அவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தேன். தோட்டக்காரர் பெயரைப் போடுகிற பழக்கம் பலருக்குக் கிடையாது.

சுலேமா அதைப் படித்துவிட்டு என்னிடம் நன்றி சொன்னாள். பிறகு போய், எரிப்பதற்கு முன் அப்பாவின் மரத்திலிருந்து தான் பறித்து உறைபெட்டியில் போட்டு வைத்திருந்த இலையை எடுத்திருக்கிறாள். நினைவுக்காக வைத்திருந்தாளாம். அதிலிருந்த முரட்டு வைரஸைத் தானே நகலெடுத்து, முழுக்கப் படித்திருக்கிறாள். ஒரு வருடம், எனக்குத் தெரியாமல், என் ஆய்வகத்திலேயே. வேலை அப்பழுக்கில்லாதது, நான் பார்த்தேன். என் குறி அதில் இருந்தது. அச்செடுத்த தாளை என் மேஜையில் வைத்து, அந்த ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். கத்தவில்லை.

“இது உங்க துணி, டாக்டர்” என்றாள்.

ஆமாம் என்றேன். கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஆக, நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இது. நாற்பது மொட்டுகளைக் கொண்டுபோனது நான். முரடு என்று தெரிந்து கொண்டுபோனேன். அவரிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதவில்லை. விசாரணையில் அவர் என்னைப் பார்த்தபோது நான் பேசவில்லை. ஆனால் என் நானூறு மரங்கள் தாங்கும் என்று நம்பித்தான் செய்தேன். அந்த நம்பிக்கையை மட்டும் சேர்த்து எழுதிவிடுங்கள். மற்றது எதையும் நான் மறுக்கவில்லை.

அது என்ன தாள்? என் குறிப்பேட்டுப் பக்கமா? பார்க்கலாமா?

கையெழுத்து என்னுடையதுதான். தேதி, செப்டம்பர் பதினொன்று. ஆமாம், மொட்டு கட்டியதற்கு முந்தின நாள். மடல் அன்று மதியம் வந்தது. படித்துவிட்டு, மறுபடி படிக்காததாகக் குறித்து வைத்தேன், கணினியில் அந்த வசதி இருக்கிறது. மறுநாள் காலை அது படிக்காததாக இருந்தது என்று உங்களிடம் சொன்னேனே, அதில் தவறில்லை. சுலேமாவிடம் சொன்னதிலும் தவறில்லை. அதில் என்னை நிறுத்துகிற மாதிரி ஒன்றும் இல்லைதான்.

வாசிக்கிறேன், எழுத்தர் ஏற்றிக்கொள்ளட்டும். ‘கதவுத் துண்டில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ரூஷியே தாங்காது என்றே தோன்றுகிறது. நாளை தோட்டம். நானூறும் நின்றாலும் சரி, செத்தாலும் சரி, முடிவு என்று ஒன்று கிடைத்துவிடும்.’ அவ்வளவுதான் இருக்கிறது. அன்று மாலை எனக்குக் கால் ஆடவில்லை என்று நினைவிருக்கிறது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இந்தப் பக்கத்தில் தோன் அன்செல்மோ எங்கே என்று கேட்பீர்கள். அவர் இதில் இல்லை. குறிப்பேடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் இல்லை. ஆனால் நீங்களும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள், மேடம். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.